சொட்டு மருந்தும் சவர்க்காரமும்



நம் பள்ளிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுள் பலர் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக அரசாங்க மருத்துவமனைகளில் பெயர் பதிந்து காத்திருக்கின்றனர். என் தாயாரும் அவர்களுள் ஒருவராக இருந்தார். 2014ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியக் கண் ஆய்வின்படி, நம் நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தோருள் 1.2 விழுக்காட்டினர் பார்வையற்றவர்கள். அப்பார்வையிழப்பில் பாதிக்கும் மேற்பட்டதற்கு, அதாவது 58.6 விழுக்காட்டிற்கு, சிகிச்சை செய்யப்படாத கண்புரையே காரணம் என்பது குறிப்பிடத்தக்கது. தீர்க்கக்கூடிய நோய், ஆனால் தீர்த்துக்கொள்ள அஞ்சுகிறோம்.

சிகிச்சை அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். ஆகவே, பல் பிடுங்குவதைப் போன்றதொரு சிறு காரியமாகவே பலரும் இதனை எண்ணுகின்றனர். சிறு காரியந்தான். ஆனால் அதற்குப் பின் வரும் நான்கு வாரங்களில் பொறுப்பு மருத்துவரின் கையிலிருந்து வீட்டாரின் கைக்கு மாறிவிடுகிறது. நம் ஜொகூர் வீடுகளில் அந்தக் கை யாருடையது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

முதலில் என் தாயாரின் அச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். அஃது ஆதாரமற்ற அச்சமன்று.

அம்மா லாபிஸ் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய அக்காள், அதாவது என் பெரியம்மா, 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, கணவரோடு ‘ரஜுலா’ கப்பலேறிப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பிவிட்டவர். எண்பதுகளின் நடுவில் அங்கிருந்து நீலநிற வான்மடல் ஒன்று வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்களாம். வலக்கண்ணில் அறுவை செய்தார்களாம். நான்காம் நாள் சீழ் வைத்துக் கண் போய்விட்டதாம். மூன்றே வரிகள். எஞ்சிய பகுதி முழுவதும் மழை இல்லாததையும் மாடு கன்று ஈன்றதையும் பற்றியது. பெரியம்மா அதற்குப் பின் இருபது ஆண்டுகள் ஒற்றைக் கண்ணோடு வாழ்ந்து மறைந்தார். அந்த மடல் இன்றும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

இத்தகைய வரலாற்றை வைத்துக்கொண்டிருப்பவரிடம் “பயப்படாதீர்கள் அம்மா, இப்போதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று சொல்வதில் பொருளில்லை. ஆகவே நான் அப்படிச் சொல்லவில்லை. “வாருங்கள், மருத்துவரிடமே கேட்போம்” என்றேன்.

மருத்துவர் இளவயது மலாய்ப் பெண்மணி. அம்மா தம் தோட்டத்து மலாயில் வளைத்துப் பேசாமல் நேரே கேட்டார்: “சீழ் வைக்குமா?” அந்த மருத்துவரை எனக்கு அக்கணமே பிடித்துப்போயிற்று. வைக்காது என்று அவர் சொல்லவில்லை. “ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. அந்த ஒருவராக நீங்கள் ஆகாமலிருக்க நான் செய்ய வேண்டியவை இங்கே சில உள்ளன. நீங்கள் செய்ய வேண்டியவை வீட்டிலே சில உள்ளன” என்றார். வரும் வழியில் காரில் அம்மா நெடுநேரம் பேசவில்லை. கூலாய் வந்தபின், “அக்கா கண்ணு கத்தியால போகலம்மா. சீழால போச்சு” என்றார். தம் அச்சத்தை அவரே இரண்டாகப் பிரித்துவிட்டார். அறுவைக்கு ஒப்புக்கொண்டது அன்றுதான்.

சீழ் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து, கருவியிலிருந்து, மருத்துவமனையின் அழுக்கிலிருந்து என்றுதான் நாம் நினைப்போம். தனியொருவருக்கு வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை நோயாளியின் சொந்த இமையிலும் இமை முடியிலும் குடியிருக்கும் கிருமிகளால் வருபவை. தோலின்மேல் அவை தீங்கு செய்வதில்லை. கண்ணுக்குள் நுழைந்துவிட்டால் அங்கே அவற்றை எதிர்க்கும் படை மிகக் குறைவு. இதனால்தான் அறுவைக்குச் சற்று முன் கண்ணில் பழுப்பு நிறத்தில் அயோடின் கரைசலை விட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்கின்றனர். போவிடோன் அயோடின் என்பது அதன் பெயர்; கண்ணுக்கு ஐந்து விழுக்காட்டு அடர்வில் பயன்படுத்துகின்றனர். நியூயார்க்கில் நடத்தப்பட்டு 1991ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்த ஒரு செயல் தொற்றை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைப்பதைக் காட்டியது. விலை மலிவான மருந்து. நம் பள்ளி முதலுதவிப் பெட்டியில் முழங்கால் சிராய்ப்புக்குப் போடுகிறோமே, அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். (முதலுதவிப் பெட்டியில் இருப்பதை யாரும் கண்ணில் விட்டுவிட வேண்டா!)

பலருக்கு ஒரே நாளில் தொற்று வந்தால் அதன் கதை வேறு. அங்கே குற்றவாளி பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான ஏதோ ஒன்று. கண்ணைக் கழுவிய நீர்மமாக இருக்கலாம். சரியாகக் கொதிநீராவியில் வேகாத கருவியாகவும் இருக்கலாம். 2008ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து இலவச முகாமின் வழி பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் அந்தக் கண்ணின் பார்வையை இழந்தனர். ஏழை உழவர்கள், கூலித் தொழிலாளர்கள். வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2014 நவம்பர் 8ஆம் நாள் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே நடந்தது கண் அறுவையன்று, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. ஒரே மருத்துவர், கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பதின்மூவர் இறந்தனர். கொடுத்த மாத்திரையா, கழுவாத கருவியா என்ற வாதம் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு மருத்துவர் முப்பதுக்கு மேல் செய்யக்கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. விதியை அறியாதவர் யாருமில்லை, எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது. 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு ஆணையிட்டது.

இதைப் படிக்கும்போது இலவசம் என்றாலே ஆபத்து, கூட்டம் என்றாலே தொற்று என்று முடிவுகட்டத் தோன்றும. எனக்கும் தோன்றியது. ஆனால் அதே தமிழ்நாட்டில் அதற்கு நேர் எதிரான சான்றும் இருக்கிறது.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு, தம் வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர். அரசுப் பணியில் இருந்தபோதே ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். ஓய்வுபெற்றபின் 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்காலத்தில் முகாம் என்றால் ஊரிலேயே அறுவை செய்வதுதான் வழக்கம். திருமண மண்டபம் கிடைத்தால் மண்டபம், இல்லையேல் பள்ளிக்கூடம். நாற்காலி மேசைகளை வெளியேற்றிவிட்டு, வகுப்பறையிலேயே வரிசையாகப் படுக்க வைத்துவிடுவார்கள். என் பெரியம்மா படுத்ததும் அத்தகைய வகுப்பறையில்தான். ஓர் ஆசிரியை என்ற முறையில் வகுப்பறையை நான் நன்கறிவேன். தினமும் கூட்டினாலும் வெண்கட்டித் தூள் சன்னல் விளிம்பில் படிந்தே கிடக்கும். கூரையில் பல்லி இருக்கும். கதவை மூடினாலும் காற்று வரும். அங்கே நாற்பது பேருக்குப் பாடம் நடத்தலாம், கண்ணைத் திறக்கலாகாது.

நாளடைவில் இந்த வழக்கம் மாறியது. ஊரில் நடப்பது பரிசோதனை மட்டும். புரை முற்றியவர்களைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கே அழைத்துச் சென்று, அங்குள்ள அறுவை அறையில் சிகிச்சை செய்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடுவது என்று ஆயிற்று. 1994 முதல் 2002 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் உலக வங்கியின் உதவியோடு நடந்த கண்புரைத் திட்டமும் தற்காலிக இடங்களில் அறுவை செய்வதைக் கைவிடச் செய்தது. மருந்து மாறவில்லை, மருத்துவர் மாறவில்லை, அறை மாறியது. எத்தனை கண்களை அந்தப் பேருந்துகள் காப்பாற்றியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

கூட்டம் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரவிந்த் மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கில், 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளில் தொற்று ஏற்பட்டவர்கள் 38 பேர். ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு! பின்னர், அறுவை முடிந்தவுடன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஒரு சிறு அளவு செலுத்தும் முறையைக் கையாண்டனர். ஐரோப்பாவில் 2007இல் முடிவுகள் வெளியான பெரியதோர் ஆய்வு இம்முறை தொற்றை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைப்பதாகக் கூறியிருந்தது. அங்கே பயன்பட்டது செஃபுராக்சிம். மதுரையில் மோக்ஸிஃப்ளோக்சாசின். 2017இல் வெளியான அவர்களது கணக்கு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை உள்ளடக்கியது. பத்தாயிரம் பேரில் ஏழாக இருந்த தொற்று இரண்டாகக் குறைந்தது. ஆக, கூட்டம் ஆபத்தன்று. ஒவ்வொருவருக்கும் அதே ஒழுங்கை, நூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் செய்ததைப் போலவே செய்கிறார்களா என்பதே கேள்வி. நம் நாட்டிலும் 2002 முதல் கண்புரை அறுவைப் பதிவேடு ஒன்று நடைமுறையில் உள்ளது. அறுவைக்குப் பின் தொற்று வந்தால் அதில் எழுதப்படுகிறது. எழுதிவைப்பவன் ஏமாற மாட்டான் என்று எங்கள் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் பாடக்குறிப்பைப் பற்றிச் சொல்வார். எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மாவின் அறுவை நல்லபடியாக முடிந்தது. மேலே நெகிழிக் கவசம் ஒட்டி, இரண்டு போத்தல் சொட்டு மருந்தும் ஒரு தாளும் கொடுத்து அனுப்பினர்.

வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், தையல் கிடையாது. தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் முதல் சில நாள்கள் அது சாத்திய கதவேயன்றித் தாழிட்ட கதவன்று. குழாய்த் தண்ணீரோ, விரலோ, தூசியோ பட்டால் உள்ளே போக வழியுண்டு. இதனை அம்மாவுக்கு விளக்குவதைவிட, நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு விளக்குவதே பெரும்பாடாயிற்று. ஒருவர் இளநீர் விடச் சொன்னார். இன்னொருவர் விளக்கெண்ணெய். எதிர்வீட்டுப் பெரியம்மா கோயிலுக்குப் பின்னாலிருந்து நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக்கொண்டு வந்து, பிழிந்து ஒரு சொட்டு விட்டால் குளிர்ச்சி என்றார். எல்லாரும் அன்பால் வந்தவர்கள். நம் முன்னோரின் கைவைத்தியத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. வெட்டில்லாத கண்ணுக்கு அவர்கள் சொன்னது ஒன்று. வெட்டுள்ள கண்ணுக்கு அதையே செய்வது வேறு. அம்மா அந்தப் பூக்களை இரு கையாலும் வாங்கி, “சாமிக்கு வைக்கிறேன்” என்று முருகன் படத்துக்கு வைத்துவிட்டார். எதிர்வீட்டாருக்கும் மனக்குறை இல்லை.

திருநீறு வேறு ஒரு சிக்கல். அம்மா திருநீறு அணியாமல் காலைப்பசியாறியதே இல்லை. நெற்றியிலிருந்து உதிரும் தூள் நேராகக் கண்ணிமையில் விழும். நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே வழி கண்டார். கைகழுவிவிட்டு, நீறை நீரில் குழைத்து, கழுத்திலும் மார்பிலும் மட்டும் இட்டுக்கொண்டார். நெற்றிக்கு ஒரு மாதம் விடுமுறை என்றார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அவ்வாறே ஒத்திப்போடப்பட்டது. கழுத்துக்குக் கீழே குளியல், முகத்திற்கு ஈரத்துணி.

நான்காம் நாள் இரவு பத்தரை மணிக்கு, கண் உறுத்துகிறது என்றார். நான்காம் நாள்! வீட்டில் யாரும் அந்த வான்மடலைப் பற்றிப் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தபின், கண் மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து, மேற்பரப்பு உலர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். அம்மா “வீணா தூக்கத்தைக் கெடுத்துட்டேன்” என வருந்தினார். அம்மருத்துவர் தலையசைத்து மறுத்தார். வலி கூடிக்கொண்டே போனாலும், தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலும், கண் சிவந்து இமை வீங்கினாலும், பீளை தள்ளினாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது என்றார். தொற்று பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தலைகாட்டும். வந்துவிட்டால் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்த வேண்டும். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மறுநாள் சந்திப்பு இருக்கிறதே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாமே என்று எண்ணுபவர்களே கண்ணை இழக்கிறார்களாம்.

இனி, முதலில் சொன்ன அந்தக் கையைப் பற்றி.

என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சில நாள்களாக முதல் பாடவேளையிலேயே கண்ணயர்ந்தான். கேட்டபோது, “தாத்தாவுக்கு மருந்து ஊத்தணும் டீச்சர்” என்றான். தாய் தந்தை இருவரும் சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்தாக வேண்டும். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது. நம் மாநிலத்துப் பெற்றோர்க்கு இதனை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆக, எழுபத்து நான்கு வயதுப் பெரியவரின் புதிதாய் அறுத்த கண், பதினொரு வயதுச் சிறுவனின் பொறுப்பில் இருந்தது. ஆறு மணிக்கு ஒரு சொட்டு விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவான். அடுத்தது பன்னிரண்டு மணி. அந்நேரம் வீட்டில் யாருமில்லை. “அதை மட்டும் விட்டுடுவோம் டீச்சர்” என்றான், வீட்டுப்பாடத்தில் ஒரு கேள்வியை விட்டுவிடுவதைப் போல.

அவனுடைய தாயாரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்று, பள்ளி முடிந்ததும் அவனோடு வீட்டுக்குச் சென்றேன். மருந்துப் போத்தல் மூடியின்றித் தொலைக்காட்சியின் அருகே இருந்தது. “எப்படிப் போடுவாய், காட்டு” என்றேன். பையன் மிகுந்த அக்கறையோடுதான் செய்தான். தாத்தாவின் தலையை மெல்லச் சாய்த்தான், “கண்ண மூடாதீங்க தாத்தா” என்றான். ஆனால் புத்தகப்பை தூக்கிய கையை அப்படியே கொண்டுபோனான். போத்தலின் முனை இமை முடியை உரசியது. இமையின் கிருமி முனையில் ஏறினால் பிறகு ஒவ்வொரு சொட்டிலும் அதுவே இறங்கும். அயோடின் விட்டு மருத்துவர் விரட்டியதை நாம் போத்தலில் வளர்த்துத் திருப்பி ஊற்றுகிறோம்.

அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? யாரும் அவனுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. மருத்துவமனைத் தாள் மலாயில், சிறிய எழுத்தில் இருந்தது. தாத்தாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும், அதுவும் கண்ணாடி போட்டால். அன்று அவ்வீட்டுச் சமையலறைக் குழாயடியில் நாங்கள் நலக்கல்விப் பாடம் நடத்தினோம். சவர்க்காரம் போட்டு இருபது எண்ணும்வரை விரலிடுக்கெல்லாம் தேய்த்தல். சுத்தமான துணியில் துடைத்தல். தாத்தா மேலே பார்க்க, கீழிமையை ஒரு விரலால் மெல்ல இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. முனை எதிலும் படலாகாது. இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி, இல்லாவிட்டால் பின்னது முன்னதை அடித்துக்கொண்டு போய்விடும். மூடி உடனே. பழைய போத்தல் ஒன்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அவனுடைய புறங்கையிலேயே பத்து முறை பயிற்சி. ஏழாவது முறையிலிருந்து முனை படவில்லை. தாத்தா அருகிலிருந்து, “இந்தப் பயலுக்கு அடங்கியே என் காலம் போயிடும் போல” என்று சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு வழி? மருத்துவமனைத் தாதியிடம் தொலைபேசியில் கேட்டேன். நாளைக்கு நான்கு முறை என்றால் கடிகாரம் பிசகாமல் நான்கு முறை என்பதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் விட்டால் போதும் என்றார். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று மாற்றிக்கொண்டோம். பத்து மணி வேளை தாயாருடையது. பையன் ஒன்பதுக்கே உறங்கலாம். முன்பு பதினொரு மணிவரை விழித்திருந்தானாம். ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் காரியங்கள் எத்தனையோ. கேட்பதற்கு மலாயும் துணிவும் ஒருசேர வேண்டியிருக்கிறது.

அதன்பின் அந்த மலாய்த் தாளில் உள்ளவற்றைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில், தமிழில் எழுதினேன். என் தோழியின் மகள், அரசாங்க மருந்தகத்தில் மருந்தாளர், படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் சொல் மாற்றித் தந்தார். போத்தலைத் திறந்த நாளை அதன்மேல் எழுதுவதற்கும், நான்கு வாரம் கழிந்தபின் மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுவதற்கும் அதில் இடமுண்டு. ஒருவரின் போத்தலை மற்றவருக்கு விடலாகாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் அறுவை செய்துகொண்ட வீடுகளில் இது நடக்கிறது. கட்டங்களும் உண்டு, மருந்து விட்டதும் பிள்ளைகள் குறியிடலாம். என் மகள் தன் பாட்டிக்குத் தங்க நட்சத்திர ஒட்டிகளை ஒட்டினாள்.

ஆசிரிய நண்பர்களே, ஒரு மாணவன் வகுப்பில் தூங்கினால் இரவு முழுவதும் கைப்பேசி பார்த்தான் என்று முடிவு செய்வதற்கு முன், வீட்டில் யாருக்காவது உடல்நலமில்லையா என்று ஒரு முறை கேளுங்கள். பெற்றோர்களே, அறுவைக்கு நாள் கிடைத்தவுடன், எந்தெந்த வேளை யார் மருந்து விடுவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். பிள்ளைதான் விட வேண்டுமென்றால் அதில் இழிவொன்றுமில்லை. மருத்துவமனைக்குச் செல்லும்போது அவனையும் உடன் அழைத்துச் சென்று, தாதி செய்து காட்டும்போது பார்க்கச் செய்யுங்கள்.

அம்மாவின் இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்துள்ளனர். இம்முறை அவரே நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். என் மாணவனைப் பற்றிச் சொன்னதிலிருந்து, “அந்தப் பையன ஒரு நாள் கூட்டிட்டு வா, உன் கையைவிட அவன் கை நடுங்காம இருக்கும்” என்கிறார். தமிழ்த் தாளின் படிகள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தரிடம் உள்ளன, வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம்.